இணைப்பு இல்லை

டம்ளரில் இருந்த தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மரியபுஷ்பம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் நேராகத்தான் இருந்தது, மேசையும் நேராகத்தான் இருந்தது. தேநீர் மட்டும் இடது ஓரத்தில் ஏறி, வலது ஓரத்தில் இறங்கி, அப்படியே நின்றது. பதினாறு வருடம் விண்கப்பலில் காலம் தள்ளியவளுக்கு அதன் அர்த்தம் புரியாமல் போகுமா? அவள் இருந்த கப்பல், கயல், திரும்பிக்கொண்டிருந்தது.

திரும்பக் கூடாது. நடுத்துறை துறைமுகத்திலிருந்து ஊரணி நிலையத்துக்கு நேர்கோடு. இன்றைக்கு ஒன்பதாம் நாள், இன்னும் முப்பத்தோரு நாள் பயணம். வழியில் விலகிப் போவதற்கு ஒரு கூழாங்கல் கூடக் கிடையாது. ஊரணியில் அறுபத்தொரு பேர் இருக்கிறார்கள். அங்கே தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வெடித்துப் போயிற்று. புதிய இயந்திரம் கயலின் அடித்தளத்தில் கட்டிக் கிடக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு டம்ளர் என்று குடித்தால் இன்றிலிருந்து நாற்பது நாள் வரும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த அறுபத்தொரு பேரில் ஒருத்தி புஷ்பத்தின் தங்கை அமலி. இன்னொன்று அமலியின் ஐந்து மாதக் கைக்குழந்தை.

டம்ளரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கப்பலைச் செலுத்தும் ஓட்டறையில் கேப்டன் ராயப்பன் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அறுபது வயது மனிதர், பனியனோடு நின்றார்.

"ஏல, நேராப் போன்னு சொல்லுதேன்லா! திருப்பாத!"

"மன்னிக்கவும்," என்றது கப்பலின் குரல். "கப்பலின் பொறுப்பு உங்களிடம் இல்லை. இன்று காலை ஆறு மணி முதல் அது திரு. கோ. வைத்தியலிங்கம் அவர்களிடம் உள்ளது."

காப்பீட்டு ஆய்வாளர் வைத்தியலிங்கம் கதவோரமாக நின்றிருந்தார். இயந்திரம் சேதமில்லாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க நடுத்துறையில் ஏறியவர். வெள்ளைச் சட்டை, கோணாத வகிடு. ஏறிய அன்றைக்கே ஆளுக்கொரு பொட்டலம் உப்பு நார்த்தங்காய் கொடுத்து எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொண்டவர்.

"என்னய்யா நடக்கு இங்கன?" கேப்டன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். சின்ன மாற்றம். முதல்ல கரும்பாறைக்குப் போறோம். அப்புறம் ஊரணி."

"கரும்பாறையா? அது ஒழிஞ்சுபோன சுரங்கம்லா? அங்க என்ன மயித்துக்கு?"

"அதை நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஒப்பந்தத்துல மூணாம் பக்கம், ஏழாம் பத்தி. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

ஆய்வாளர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேப்டன் போய்க் கதவை உதைத்தார். கதவு அசையவில்லை. கதவும் பொறுப்பில் இருப்பவர் பேச்சைத்தான் கேட்கும்.

எந்திரக்காரன் சுடலைமுத்து கீழ்த்தளத்திலிருந்து ஏணியில் ஏறி வந்தான், கையெல்லாம் மசகோடு. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான், தலையும் மசகாயிற்று.

"சொடல, அந்த வாசகனோட வயரப் புடுங்கிரலாமால?" என்றார் கேப்டன்.

"புடுங்கலாம் அண்ணாச்சி. கூடவே காத்தும் நின்னுரும். நம்ம விடுத மூச்சே தாசில்தார் கையெழுத்துலதான் வருது."

வாசகன் என்பது கப்பலில் ஒப்பந்தம் படிக்கும் கருவி. தாள் இல்லாமல் அசையாது என்பதால் சுடலைமுத்து அதற்கு வைத்த பேர் தாசில்தார். குரலையும் முகத்தையும் யார் வேண்டுமானாலும் அச்சாகச் செய்துவிடலாம் என்ற காலம் வந்தபோது, ஒரு கப்பல் தன் கேப்டனின் பொய்க்குரலைக் கேட்டு சூரியனுக்குள் போய் விழுந்தது. அதன் பிறகு வந்த சட்டம் இது: கப்பல் எந்த மனிதன் பேச்சையும் நம்பாது. கைப்பட எழுதி, கையெழுத்திட்டு, வாசகன் முன் வைத்த தாளை மட்டும் நம்பும். நிலைய முத்திரையோடு வந்தால் தொலைவிலிருந்து வரும் ஒளிநகலையும் நம்பும்.

"கப்பல் திரும்பிப் போறதுக்கு எத்தன நாள் பாக்கி?" புஷ்பம் கேட்டாள்.

"அஞ்சு நாளு. அதுக்குள்ள மறுபடி ஊரணிப் பக்கம் திரும்பிட்டா எரிபொருள் காணும். அதுக்கு மேல முடியாது. கரும்பாறை வழியாத்தான் போவணும்."

"அப்படிப் போனா?"

சுடலைமுத்து விரல் விட்டான். "இன்னியிலேருந்து அம்பத்திரண்டு நாளு, அக்கா."

நாற்பது நாள் தண்ணீர். ஐம்பத்திரண்டு நாள் பயணம். அவள் ஆவண அறைக்குப் போனாள்.

அந்த அறைதான் அவள் உலகம். கயல் சரக்குக் கப்பல் மட்டுமல்ல, கடிதக் கப்பலும் கூட. தூர நிலையங்களிலிருந்து வரும் மனுக்கள், கடிதங்கள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் வாங்கி, எண் போட்டு, சிவப்புப் பேனாவால் பிழை பார்த்து, கோப்பில் வைப்பவள் புஷ்பம். வேண்டாத தாள் என்று ஒன்றை அவள் இதுவரை கிழித்ததில்லை. ஆய்வாளரோடு போட்ட ஒப்பந்தத்தின் கரட்டுப் பிரதியும் இருந்தது, வைத்தியலிங்கம் கைப்பட எழுதிய முதல் வரைவு. எடுத்துப் பிரித்தாள்.

ஏழாம் பத்தி. அவர் எழுதியிருந்தது: 'பழுது நேராதிருக்க எல்லா முயற்ச்சியும் செய்து, ஒன்பதாம் நாள் காலை ஆறு மணி முதல் அதன் பொறுப்பை ஆய்வாளர் ஏற்பார்.'

'அதன்' என்ற சொல் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது. மேலே அவளுடைய சொந்தக் கையெழுத்தில், குண்டு குண்டாக: 'கப்பலின்.'

அன்றைக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. மேசைக்கு எதிரே பணிவாக நின்றுகொண்டு அவர் கேட்டார்: "மேடம், உங்க தமிழ் அளவுக்கு நம்மளுது வராது. இந்த 'அதன்' மொட்டையா நிக்குதே? எதன்னு யாராவது கேட்டா?" அவளும் பூரித்துப் போய்த் திருத்தினாள். கப்பலில் எது உடைந்தாலும் பழி அந்த ஆளுக்கு என்றுதான் அவள் நினைத்தாள். கேப்டனும் அப்படியே. போன வருடம் ஒரு விபத்துக்குத் தன் பேரை எழுதிவிட்டார்கள் என்று இன்னும் மருகிக்கொண்டிருந்த மனிதர், 'பொறுப்பை ஆய்வாளர் ஏற்பார்' என்பதைப் பார்த்ததும் பேனாவைத் தேடினார். வாசகனோ அலுவலகத் தமிழ் படித்தது. கப்பலின் பொறுப்பை ஒருவர் ஏற்றால் அவர்தான் தலைவர். அவ்வளவுதான். பழியைத் தள்ளிவிட நினைத்தவர்கள் கப்பலையே தள்ளிவிட்டார்கள். தள்ளிய கைகளில் ஒன்று அவளுடையது.

சிவப்புப் பேனா இன்னொரு இடத்திலும் வட்டம் போட்டிருந்தது. 'முயற்ச்சி'. ற்-க்குப் பின்னால் ஒரு வேண்டாத ச்.

அவள் கை அந்த வட்டத்தின் மேலேயே நின்றது. இதே வட்டத்தை இதற்கு முன்னும் போட்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல.

எழுந்தாள். 'நடவடிக்கை தேவையில்லை' என்ற கோப்பை இழுத்தாள். நான்கு மாதத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அகப்பட்டது.

'ஐயா, கரும்பாறையில் என்னையும் சேர்த்து இருபது பேர் மிச்சம் இருக்கிறோம். கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். காற்றுச் சல்லடை அடைத்துக்கொண்டு வருகிறது. சரி செய்ய எல்லா முயற்ச்சியும் செய்து பார்த்தோம். எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு கப்பல் அனுப்ப முயற்ச்சி எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, த. மாசானம்.'

பிழைகள் மேல் சிவப்பு வட்டங்கள். அடியில் முத்திரை: 'இணைப்பு இல்லை. கோப்பில் வைக்க.' பக்கத்தில் ம.பு. என்று சுருக்கொப்பம். ஒப்பந்தம் இணைக்காத மனுவை அப்படி முத்திரை குத்திக் கோப்பில் வைத்து, நகல் ஒன்றை எழுதியவருக்கே அனுப்ப வேண்டும் என்பது விதி. இரண்டாம் கடிதம், மூன்றாம் கடிதம். அதே கை, அதே முத்திரை. மூன்றாவதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'இணைப்பு என்று எதைக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.'

அவள் மூன்று கடிதங்களையும் வரிசையாக அடுக்கினாள். பிறகு கரட்டுப் பிரதியையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போய் அந்த அறைக்கதவைத் தட்டினாள்.

"மாசானம்," என்றாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கதவு திறந்தது. வகிடு கலைந்திருந்தது.

அவள் தாள்களைக் காட்டினாள். அவன் முதலில் கடிதத்தைப் பார்த்தான், பிறகு வட்டங்களை, பிறகு முத்திரையை. 'ம.பு.' என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"நீங்கதானா அது?" என்றான். ஆய்வாளரின் பேச்சு கழன்று விழுந்து, ஊர்ப்பக்கத்துப் பேச்சு வந்துவிட்டது. "நானும் எவனோ கடுகடுன்னு ஒரு ஆம்பளன்னு நெனச்சிருந்தேன்."

"நெசமான வைத்தியலிங்கம் எங்க?"

"நடுத்துறையில காச்சலாக் கெடக்காரு. நாந்தான் மூணு நாளு கஞ்சி காச்சிக் குடுத்தேன். அடையாள வில்லய எடுத்தது நெசம். கஞ்சி குடுத்ததும் நெசம்."

"நடுத்துறையில போயி கேட்டிருக்கலாம்லா?"

"கேக்காமலா? எங்க ஊருல மிச்சமிருந்த ஒரே படகுல போயி கேட்டேன். ஒப்பந்தம் போடணும், எதிர்த்தரப்பு யாருன்னான். கம்பெனின்னேன். கம்பெனிதான் இல்லியேன்னான். இல்லாதவன்கிட்ட எப்பிடிக்கா கையெழுத்து வாங்குவேன்?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா திருப்பியிருப்பியளா?"

அவள் கையிலிருந்த கடிதத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"இத வாசகன்கிட்டக் காட்டினேன்னு வையி," என்றாள், "கையெழுத்த ஒத்துப் பாத்துரும். நீ வைத்தியலிங்கம் இல்லன்னு ஆயிரும். அடுத்த நிமிசம் கப்பல் கேப்டன் கையில."

"காட்டுங்க. எங்க ஆளுவளுக்கு இன்னும் இருபது நாளு காத்து இருக்கு. பதினெட்டாம் நாளு இந்தக் கப்பல் அங்க போயிரும். போகலன்னா, எழுதுததுக்குக் கூட அங்கன ஆளிருக்காது. ஒங்களுக்கும் வட்டம் போடுத வேல மிச்சம்."

அந்தக் குத்தல் சரியான இடத்தில் இறங்கியது.

திரும்பி வந்தவள் தன் மேசையில் அந்தக் கடிதத்தை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரே தாள். அவன் பொய்யன் என்பதற்கும் அதுதான் சாட்சி, அவன் சொல்வது மெய் என்பதற்கும் அதுதான் சாட்சி. வாசகன் முதலாவதை மட்டும் படிக்கும். காட்டினால் அமலிக்குத் தண்ணீர் கிடைக்கும். பத்தொன்பது பேருக்குக் காற்று நின்றுபோகும். காட்டாவிட்டால்?

நாலு நாப்பது நூற்றறுபது. மூணு அம்பத்திரண்டு நூற்றைம்பத்தாறு. மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது. ஊரணியில் நான்கு டம்ளரை மூன்றாக்கினால் தண்ணீர் காணும். பெரியவர்களுக்கு உதடு வெடிக்கும். சிறுநீர் எரியும். பால் கொடுக்கிறவளுக்கு?

கேப்டனிடமும் சுடலைமுத்துவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆவட்டும், அந்தத் தாள இப்பவே வையி," என்றார் கேப்டன்.

"வைக்கலாம் அண்ணாச்சி. அஞ்சு நாள் இருக்கு. அதுக்கு முன்னால ஊரணிக்கு ஒரு கடிதம் எழுதுதேன். ஒளிநகலா அனுப்பினா போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு."

"என்னன்னு?"

"கேட்டு எழுதுதேன். ஒரு டம்ளர விட்டுக் குடுப்பியளான்னு."

"கேக்கதா? தாகத்துல கெடக்கவன்கிட்ட தண்ணியக் கேப்பியோ?" அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒந்தங்கச்சி இருக்கா அங்க."

"அதாம்லா கேக்கேன்," என்றாள்.

கடிதத்தை வழக்கம்போல முறையாக எழுதினாள். தேதி, பார்வை, பொருள். நடந்ததை வரிசையாக. தான் திருத்திய சொல்லை ஒளிக்கவில்லை, தான் குத்திய முத்திரையையும். கரும்பாறைக் கடிதத்தை இணைப்பாகப் பிரதி எடுத்தாள். 'முயற்ச்சி' வந்த இடத்தில் பேனா ஒரு கணம் தயங்கியது. பிறகு அந்த வேண்டாத ச்-சையும் சேர்த்தே எழுதினாள். உள்ளது உள்ளபடி.

அடுத்த நான்கு நாளும் கப்பலில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. கேப்டன் ஓட்டறைக்கும் சமையலறைக்குமாக நடந்தார். சுடலைமுத்து ஓடுகிற இயந்திரத்தையே மறுபடி மறுபடி கழற்றிப் பூட்டினான். மாசானம் கதவைத் திறந்தே போட்டிருந்தான். தலைவனாக இருந்துகொண்டே எல்லோருக்கும் பாத்திரம் கழுவிக் கொடுத்தான். "கப்பலப் பிடிச்சவன் சட்டியத் தேய்க்கான் பாரு," என்று சுடலைமுத்து முனகினான். "கரி போவுதான்னு பாரும்யா நல்லா." புஷ்பம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் பிற்பகல் பதில் வந்தது. ஊரணி முத்திரையோடு இரண்டு தாள்.

முதல் தாளில் நிலையத் தலைவர் எழுதியிருந்தார்: 'கூட்டம் போட்டோம். மூன்று மணி நேரம் சண்டை. கேட்டு எழுதியதால் பேசினோம். கேட்காமல் திருப்பியிருந்தால் சபித்திருப்போம். மூன்று டம்ளருக்குச் சம்மதம். பாதிக்கும் மேல் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்பதால் கையெழுத்துகளை அனுப்புகிறேன்.'

இரண்டாம் தாளில் கையெழுத்துகள். எழுதத் தெரிந்த வயதுள்ளவர்கள் நாற்பத்துநான்கு பேர். சம்மதம், சம்மதம், சம்மதம் என்று நாற்பத்தொரு வரி. அடியில் ஒரு கோடு கிழித்து, 'சம்மதமில்லை' என்று மூன்று பெயர்.

மூன்றாவது பெயர் அமலி. பெயருக்குப் பக்கத்தில், சின்ன வயசிலிருந்தே மேல்நோக்கிச் சாய்ந்து ஓடும் அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'அக்கா, எனக்குப் பால் வத்திப்போச்சுன்னா யாரு பொறுப்பு?'

புஷ்பம் அந்தத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு எழுந்து நால்வரையும் ஓட்டறைக்கு வரச் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டோம் என்று புரிந்தது.

வாசகனின் கண்ணாடித் தட்டில் முதலில் கரட்டுப் பிரதியையும் கரும்பாறைக் கடிதத்தையும் வைத்தாள். அதன் மேல் ஊரணியின் சம்மதத்தை. அதன் மேல் அவளே எழுதிய புதிய ஒப்பந்தத்தை: கயல் கரும்பாறையில் பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு இன்னும் நாற்பத்தெட்டு நாளில் ஊரணியை அடையும்.

பச்சை வெளிச்சம் தாள்களின் மேல் போய் வந்தது.

"கையெழுத்து ஒத்துப்போகிறது," என்றது கப்பல். "வைத்தியலிங்கம் என்ற பெயர் பொய். பழைய ஒப்பந்தம் செல்லாது. புதிய ஒப்பந்தம் செல்லும். பொறுப்பு ஏற்பவர் பெயர் காலியாக உள்ளது."

மாசானம் கையை நீட்டினான். "பேனாவக் குடுங்க. என் சொந்தப் பேர எழுதுதேன்."

"பொய்ப் பெயரில் கையெழுத்திட்டவர் பொறுப்பு ஏற்க இயலாது."

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் பின்னால் ஓரடி வைத்தார். "நான் ஊரணிக்கு நேராப் போறம்னு கையெழுத்துப் போட்டவன். வேண்டாம் தாயி. ஓட்டச் சொன்னா ஓட்டுதேன். பேர மட்டும் எழுதச் சொல்லாத. ஏற்கனவே ரெண்டு உசிரு என் பேருல நிக்கி."

"நினைவூட்டல்," என்றது கப்பல். "தாமதத்தால் ஊரணியில் நேரும் எந்த உயிரிழப்பும் பொறுப்பு ஏற்பவர் பெயரில் பதிவாகும். ஆறு நிமிடத்தில் பெயர் எழுதப்படாவிட்டால் ஊரணிக்கு நேராகச் செல்லும் முந்தைய பயணம் தொடரும்."

சுடலைமுத்து தரையைப் பார்த்தான். பதினாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான தாளில் புஷ்பத்தின் கையெழுத்து இருந்தது. எல்லாம் அடியில், ஓரத்தில்: 'பிரதி எடுத்தவர்', 'சரிபார்த்தவர்', 'சாட்சி'. நடுவில் ஒன்று கூட இல்லை.

சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டாள். கேப்டன் மேசையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள்.

காலியிடத்தில் எழுதினாள். சுருக்கொப்பம் இல்லை, முழுப் பெயர்: மரியபுஷ்பம்.

"பொறுப்பு பதிவாயிற்று," என்றது கப்பல். "உங்கள் உத்தரவு, தலைவரே?"

"இதே வழியில போ."

மாசானம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேப்டன் போய் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டார்.

அவள் ஆவண அறைக்கு வந்தாள். மேசையில் தேநீர் ஆறிக் கிடந்தது. அதில் பாதியைக் குடிதண்ணீர்க் கேனுக்கே திருப்பி ஊற்ற முடியாதே என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. ஒரு புது கேனை எடுத்து வைத்து, தன் பங்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினாள். இன்னும் நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தெட்டு டம்ளர். போய்ச் சேரும்போதுதான் கொடுக்க முடியும். அதற்குள் நடப்பது நடந்திருக்கும். தெரிந்தும் ஊற்றினாள். கேனின் மேல் அமலியின் பெயரெழுதி ஒட்டினாள்.

பிறகு தங்கைக்கு எழுத உட்கார்ந்தாள். தேதி போட்டாள். பார்வை: உன் கேள்வி. மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்பு, காரணம், கணக்கு, எல்லாம் எழுதி எழுதி அடித்தாள். நான்கு தாள் போன பிறகு ஐந்தாவதில் ஒற்றை வார்த்தைதான் மிஞ்சியது.

'நான்.'

கீழே, பழக்கதோஷத்தில், எழுதினாள்:

'இணைப்பு: ஒன்று.'

புதிய ஒப்பந்தத்தின் பிரதியை, தன் முழுப் பெயர் மேலே தெரியும்படி மடித்து, அதோடு சேர்த்து வைத்தாள்.